மகளுக்கு இழவு! இளவரசிக்கு மணம்!

எகிப்து நாட்டிலே, 1930ஆம் ஆண்டையொட்டி, சீமான் குடும்பம் ஒன்று துக்கம் கொண்டாடிற்று. மகள் போய்விட்டாள் என்றனர். ஆறுதல் கூற வந்தோரை எதிர்கொண்டு, அந்த ஆறுதலை அவளுடைய சகோதரியே முன்னின்று ஏற்றுக்கொண்டாள் என்று கூறுவர். இழவு வீட்டிற்கு வேண்டியதெல்லாம் இருந்தது. பிணம் ஒன்றுதான் இல்லை!

ஏனெனில் மகள் சாகவில்லை. இருபது வயதைக் கடந்த இளநங்கை. நல்ல உடல்நலத்தோடு, கெய்ரோ நகரத்துப் படக்கொட்டகையிலே, வெண்திரையிலே உலவிக்கொண்டிருந்தாள். அவள் செய்த குற்றம் அதுவே! படத்தில் நடித்தாள், ஆகவே செத்தாள் என்று தீர்ப்பளித்தது குடும்பம். உயிரைப் பறிக்க இயலவில்லை; உறவைப் பறித்தனர்.

அந்த நங்கையின் பெயர் பஹீஜா ஹாபிஸ். நடிகை, இசையமைப்பாளர், படத்தயாரிப்பாளர், இயக்குநர் எனப் பல துறைகளிலே ஒருசேர உழைத்தவர். எகிப்தியத் திரையுலகின் தொடக்கக் கால வரலாற்றிலே தவிர்க்கமுடியாத பெயர். அவருடைய வாழ்க்கையை இங்கு விரிப்பதற்குக் காரணம் வெறும் வியப்பன்று. பெண்ணைக் கேளாமலே பெண்ணின் வாழ்வை முடிவு செய்யும் பழக்கம் குடிசையிலும் உண்டு, கோட்டையிலும் உண்டு, கொலுமண்டபத்திலும் உண்டு என்பதற்கு அந்த ஒரு வாழ்க்கையே போதுமான சான்று.

1908ஆம் ஆண்டு அலெக்சாண்டிரியா நகரிலே பிறந்தார் பஹீஜா. தந்தை 'பாஷா' எனும் பட்டம் தாங்கியவர், அரண்மனைத் தொடர்புடையவர். மாளிகையிலே இசை இருந்தது. பியானோ இருந்தது. பெண் குழந்தை அதை மீட்டக் கற்றபோது வீட்டார் முகம் மலர்ந்தனர். சீமான் வீட்டுப் பெண்ணுக்கு இசை ஓர் அணிகலன்! விருந்தினர் வந்தால் எடுத்துக்காட்டலாம். மாப்பிள்ளை வந்தால் எடுத்துச் சொல்லலாம். ஆனால் அந்த இசை மாளிகை மதிலைத் தாண்டலாமா? கூடாது! வீட்டுக்குள் இருக்கும்வரை கலை. வீதிக்கு வந்தால் களங்கம். இதுதான் பழமை வகுத்த இலக்கணம்.

பஹீஜாவுக்கு இளவயதிலேயே மணம் முடித்தனர். அந்த மணம் நிலைக்கவில்லை. மனைவியின் இசை நாட்டம் கணவனுக்குப் பிடிக்கவில்லை. பிரிந்தார். பிரிந்த பெண் மூலையிலே முடங்கவேண்டும் என்று எதிர்பார்த்த உலகத்தின் முன், அவர் இசையைத் தொழிலாகவே ஏற்றார். பண்களை அமைத்தார், பிறர் கேட்க வெளியிட்டார். இசையமைக்கும் பெண் என்று ஏடுகள் அவரைப்பற்றி எழுதின. அவருடைய நிழற்படமும் வெளிவந்தது. அந்தப் படம் ஒருவர் கண்ணிலே பட்டது. அவர்தான் முகம்மது கரீம், ஜெர்மனி சென்று திரைக்கலை பயின்று திரும்பிய இயக்குநர். தாம் எடுக்கவிருந்த 'ஜைனப்' படத்திற்குக் கதாநாயகியைத் தேடிக்கொண்டிருந்தார் அவர்.

அந்நாளைய எகிப்து எப்படியிருந்தது என்பதை இங்கே சிறிது நினைத்துப் பார்க்கவேண்டும். பெண் விடுதலைபற்றி காசிம் அமீன் நூல் எழுதியது 1899ஆம் ஆண்டில். எழுதியவர் ஆண், வாதிட்டவர்களும் ஆண்கள், எதிர்த்தவர்களும் ஆண்கள்! பேசப்பட்ட பொருள் மட்டும் பெண். 1923ஆம் ஆண்டிலே ஹுதா ஷாராவி எனும் அம்மையார், வெளிநாட்டு மகளிர் மாநாடு ஒன்றுக்குச் சென்று திரும்பியவர், கெய்ரோ புகைவண்டி நிலையத்திலே முகத்திரையை நீக்கி நின்றார். அதே ஆண்டில் எகிப்தியப் பெண்ணுரிமைச் சங்கமும் எழுந்தது. நான்காண்டுகள் சென்றன. 1927ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், 'லைலா' எனும் முழுநீள ஊமைப்படம் கெய்ரோவில் வெளிவந்தது. அதைத் தயாரித்தவர் அஸீஸா அமீர். நாயகியாக நடித்தவரும் அவரே. மிஸ்ர் வங்கியை நிறுவிய தலாத் ஹர்ப் அந்தப் படத்தைக் கண்டு, ஆண்களால் முடியாததை அம்மையார் முடித்துவிட்டார் என்று பாராட்டியதாக வரலாறு கூறும்.

ஆம்! எகிப்தியத் திரையுலகின் அடிவாரத்தைத் தோண்டிப் பாருங்கள். பெண்களின் கைவண்ணம் தெரியும். அஸீஸா அமீர் படமெடுத்தார், இயக்கவும் செய்தார். நாடகமேடையின் புகழ்பெற்ற நடிகை பாத்திமா ருஷ்தி 1933இல் ஒரு படத்தை இயக்கினார். லெபனானிலிருந்து வந்த ஆசியா தாகர் படக்கம்பெனி நடத்தினார். அமீனா முகம்மது 1937இல் இயக்குநரானார். அடித்தளம் போட்டோர் இவர்கள். கோபுரம் எழுந்தபின் இவர்களிற் பலரை மறந்தனர்.

இத்தகைய காலத்திலேதான் 'ஜைனப்' வந்தது. முகம்மது உசேன் ஹைக்கல் எழுதிய நாவல் அது. 1913ஆம் ஆண்டில் அச்சேறியது. நாவலின் நாயகி வயலிலே உழைக்கும் ஏழைப்பெண். அவள் நெஞ்சிலே இடம்பெற்றவன் இப்ராகிம். ஆனால் வீட்டார் அவளை ஹசன் என்பவனுக்கு மணம் முடித்துவிடுகின்றனர். ஹசன் கொடியவனல்லன், நல்லவனே! கொடுமை ஆளிலே இல்லை. கேளாமல் கட்டிவைத்த முறையிலே இருக்கிறது. காதலன் இப்ராகிமோ விலக்குப் பெறப் பணமில்லாத காரணத்தால் படையில் சேர்க்கப்பட்டு, சூடான் நாட்டுக்கு அனுப்பப்படுகிறான். பேதை ஜைனப் உருகுகிறாள், காசநோய் பற்றுகிறது, அவன் விட்டுச் சென்ற கைக்குட்டையைப் பற்றியபடி மாள்கிறாள்.

இந்தக் கதையை எழுதியவர் யார் தெரியுமோ? சட்டம் பயின்ற வழக்கறிஞர். பிற்காலத்தில் அமைச்சராகவும் மேலவைத் தலைவராகவும் விளங்கியவர். அத்தகையவர் தம் பெயரைப் போட்டுக்கொள்ளத் தயங்கி, 'எகிப்திய உழவன்' என்று புனைபெயரிட்டு நாவலை வெளியிட்டார். கதை எழுதினால் மதிப்புக் குறையுமாம்! கதையை எழுதிய ஆண்மகன் பெயரை மறைத்துக்கொண்டார். அந்தக் கதையிலே நடித்த பெண்மகளோ முகத்தையே காட்டினார். துணிவு எங்கே இருந்தது என்பதைப் படிப்போர் தீர்மானிக்கட்டும்.

'ஜைனப்' 1930ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்தது. ஊமைப்படம்; ஆகவே அதற்கென இசையமைத்தார் பஹீஜா. நாயகியாய் நின்றவரே இசையும் தந்தார். பாஷா வீட்டுச் செல்வி, பட்டும் பளபளப்பும் களைந்து, வயல்காட்டு உழவர் மகளாகத் திரையிலே தோன்றினார். உழவர் வீட்டு ஜைனப்பைக் கேளாமல் மணம் முடித்தனர். அவள் திரையிலே செத்தாள். பாஷா வீட்டுப் பஹீஜாவைக் கேளாமல் இழவு முடித்தனர். அவரோ சாக மறுத்தார்!

அந்தப் படத்தைத் தயாரித்தவர் யூசுப் வஹ்பி. அவரும் பாஷா வீட்டுப் பிள்ளைதான். நடிப்பை நாடியதால் தந்தையின் சினத்துக்கு ஆளாகி இத்தாலிக்குச் சென்றவர்தான். ஆனால் தந்தை மறைந்தபின் செல்வம் அவர் கைக்கு வந்தது. அச்செல்வத்தைக்கொண்டு நாடகக்குழு அமைத்தார். நாடு போற்றும் நடிகரானார். ஆணுக்குத் திரும்பும் வழி அடைபடவில்லை. பெண்ணுக்கு? இழவு கொண்டாடியபின் திரும்ப வீடேது?

1932ஆம் ஆண்டு எகிப்தின் முதல் பேசும் படத்தை வஹ்பி குழுவினர் எடுத்தனர். முதலில் அதற்கு நாயகியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பஹீஜாவே. கருத்து வேற்றுமை மூண்டது, அவர் நீக்கப்பட்டார், அமீனா ரிஸ்க் அந்த வேடத்தை ஏற்றார். வேறொருவராயின் விம்மி ஓய்ந்திருப்பார். பஹீஜா என்ன செய்தார்? கணவர் மகமூது ஹம்தியுடன் சேர்ந்து சொந்தமாகவே படக்கம்பெனி தொடங்கினார். அதன் பெயர் 'பனார்'. அரபுமொழியிலே கலங்கரை விளக்கம் என்று பொருள். பண்டைய உலகத்தின் புகழ்பெற்ற கலங்கரை விளக்கம் நின்ற நகரமன்றோ, அவர் பிறந்த அலெக்சாண்டிரியா!

கம்பெனியின் முதற்படத்தின் பெயர் 'பலியானோர்'. அடுத்து 1934இல் 'குற்றச்சாட்டு'. இவ்விரண்டு பெயர்களுமே அவருடைய வாழ்க்கைக்குப் பொருந்தி நிற்கக் காண்கிறோம். ஆனால் அவருடைய உள்ளமோ பெரியதொரு படைப்பை நாடிற்று. இயக்கமும் தமதாக, நாயகி வேடமும் தமதாக, பொருளும் தமதாக ஒரு வரலாற்றுப் படம் எடுக்கத் துணிந்தார். அதுதான் 1937ஆம் ஆண்டில் வந்த 'பாலைவனத்தின் மகள் லைலா'.

கதை பழைய அரபுக் கதை. இசுலாம் தோன்றுவதற்கு முற்பட்ட காலத்து அரபுக்குடி ஒன்றிலே லைலா எனும் கவிமகள் இருந்தாள். உறவினனாகிய அல் பர்ராக் எனும் வீரனிடம் அவள் நெஞ்சு நிலைத்திருந்தது. அவளுடைய அழகைக் கேள்வியுற்ற பாரசீக வேந்தன் அவளைக் கவர்ந்து வரச்செய்தான். ஆசை காட்டினான்; அவள் மசியவில்லை. அச்சுறுத்தினான், அஞ்சவில்லை. அடித்தான்; பணியவில்லை. சிறையிலிருந்தே கவிதை பாடித் தன் குடியை எழுப்பினாள். அல் பர்ராக் வந்து மீட்டான். மன்னனே கேட்டாலும் 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமை பெண்ணுக்கு உண்டு. இதுதான் கதையின் உயிர்.

பெரும்பொருள் செலவிட்டு எடுத்தார். படம் திரைக்கு வந்தது. ஆனால் மற்றொரு காட்சி, திரைக்கு வெளியே, இரண்டு அரண்மனைகளிலே உருவாகிக்கொண்டிருந்தது!

எகிப்திலே அப்போது பாரூக் மன்னன். அவனுக்குத் தங்கை பௌசியா. ஈரானிலே ரேசா ஷா. அவனுக்கு மகன் முகம்மது ரேசா, பட்டத்து இளவரசன். படைவீரனாய் இருந்து அரியணை ஏறியவன் ரேசா ஷா. தன் புது முடிக்குப் பழைய மரபொன்றின் ஒளி தேவைப்பட்டது. எகிப்திய அரச குடும்பத்திலே பெண்ணெடுத்தால் ஒளி கிட்டும்! 1938இல் மணம் பேசி முடித்தனர். 1939ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் கெய்ரோவிலே, அப்தீன் அரண்மனையிலே, மணவிழா. மணமகளுக்கு வயது பதினேழு.

இப்படிச் சம்பந்தம் பேசும் நேரத்திலே, பாரசீக வேந்தன் ஒருவன் அரபுப் பெண்ணைக் கடத்திக் கொடுமை செய்ததாகக் கெய்ரோவில் ஒரு படம் ஓடலாமா? மாப்பிள்ளை வீட்டார் மனம் நோகாதா? ஈரானிய அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. எகிப்திய அரசு படத்துக்குத் தடை விதித்தது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் இருந்த ஒரு மன்னனின் மானத்தைக் காக்க, உயிரோடிருக்கும் ஒரு கலைஞரின் வாழ்வைக் கெடுத்தனர்! திருமண விருந்துக்கு ஆடு மாடுகளைப் பலியிடுவோரை அறிவோம். இங்கே ஒரு படத்தையே பலியிட்டனர்.

இதிலே இன்னொரு வேடிக்கை. ரேசா ஷா சீர்திருத்தக்காரன் என்று பெயர் வாங்கியவன். 1936ஆம் ஆண்டிலே ஈரானியப் பெண்கள் முகத்திரை அணியலாகாது என்று ஆணையிட்டவன். விரும்பாத பெண்களிடமிருந்து காவலர்கள் திரையைப் பறித்ததும் உண்டு. முகத்திரையை ஆணையால் அகற்றிய அரசுதான் ஒரு பெண்ணின் வெண்திரையை ஆணையால் மூடச் சொன்னது! முரண்பாடா? இல்லை, இரண்டும் ஒரே நோய்தான். மூடு என்றாலும் பெண்ணைக் கேட்பதில்லை. திற என்றாலும் பெண்ணைக் கேட்பதில்லை. விடுதலை என்பது மேலிருந்து வீசப்படும் ஆணையானால், அதுவும் புதுவிதச் சிறையே.

அந்த மணமகளை எண்ணிப் பாருங்கள்! அவளும் அலெக்சாண்டிரியாவில் பிறந்தவளே. இரு நாடுகளின் நட்புக்கு நடுவிலே நாட்டப்பட்ட தூண் அவள். பெண்ணின் உள்ளத்தை எடைபோட்டா அரண்மனைகள் சம்பந்தம் பேசின? வயல்காட்டு ஜைனப்புக்கு நேர்ந்ததே வைரமணிந்த பௌசியாவுக்கும் நேர்ந்தது. அவள் 1945இல் எகிப்துக்குத் திரும்பினாள்; பிரிவு கேட்டாள். 1948இல் ஈரானும் மணமுறிவை ஏற்றது. நட்பும் போயிற்று, மணமும் போயிற்று. பலியிடப்பட்ட படம் மட்டும் பழைய பொலிவோடு திரும்பவில்லை.

ஆண்டுகள் பல கழிந்து 1944இல் தடை தளர்ந்தது. 'நாடோடிக் குடிமகள் லைலா' என்று பொருள்படும் வேறு பெயரோடு, மாற்றங்களோடு படம் மீண்டும் வந்தது. அதற்குள் எவ்வளவோ ஆறியிருந்தது. அவருடைய கைப்பொருளும் கரைந்திருந்தது. அதே 1944ஆம் ஆண்டிலேதான் யூசுப் வஹ்பியின் 'காதலும் பழியும்' எனும் படம் வெளிவந்தது. அரச மரபைப் புகழும் பாட்டு அதிலே இருந்தது. பாரூக் மன்னன் நேரில் வந்து கண்டு மகிழ்ந்தான். வஹ்பிக்கு 'பே' எனும் பட்டத்தை வழங்கினான். நடிகருக்குப் பட்டம் கிடைத்தது. நடிகையின் படத்துக்குப் பெயர் மாறிற்று! அரசனைப் புகழும் கலைக்கும், அரசனை மறுக்கும் கலைக்கும் அரண்மனை காட்டிய வேற்றுமை இதுதான்.

அரண்மனை ஒன்றே அவரை வீழ்த்திற்று என்று சொன்னால் அது நேர்மையாகாது. பட உலகமும் மாறிக்கொண்டிருந்தது. 1935இல் மிஸ்ர் படநிலையம் எழுந்தது, பெருமுதல் புகுந்தது, சொந்தக் கைப்பொருளையும் சொந்த ஆர்வத்தையும் நம்பிப் படமெடுத்தவர்கள் ஒவ்வொருவராக ஒதுக்கப்பட்டனர். தொழில் சிறிதாய் இருந்தபோது 'பெண்கள் எடுக்கட்டுமே' என்று விட்டுவைத்தோர், ஆதாயம் தெரிந்தவுடன் அரியாசனங்களைத் தாமே எடுத்துக்கொண்டனர். அவர் செல்வர் வீட்டிலே பிறந்ததால்தான் முதலில் துணிய முடிந்தது என்பதையும் மறைக்கவேண்டுவதில்லை. ஆனால் அந்தச் செல்வத்தைச் சீமாட்டிகளைப்போல் நகையாக்கிப் பூட்டிவைக்காமல் கலையாக்கிக் கரைத்தார். 1947இல் 'சந்தைப் பூ' எனும் படத்தைத் தயாரித்தார். அதுவும் இழப்பிலே முடிந்தது. அத்துடன் திரையுலகத்தினின்றும் விலகலானார்.

வரலாறு தன் கணக்கைத் தீர்க்கத் தொடங்கிற்று. 1952ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் பாரூக் மன்னன் முடிதுறந்து, அலெக்சாண்டிரியாவிலிருந்தே கப்பலேறினான். அதே ஆண்டில் முகம்மது கரீம் 'ஜைனப்' கதையைப் பேசும் படமாக மீண்டும் எடுத்தார்; வேறொரு நாயகி நடித்தார். 1966ஆம் ஆண்டு, நகீப் மஹ்பூஸின் நாவலொன்றைத் தழுவி, 'கெய்ரோ 30' எனும் படத்தை சலா அபூ செய்ப் இயக்கினார். 1930களின் எகிப்திலே பதவிக்காக மானத்தை விற்றோரையும், வறுமையைப் பயன்படுத்திப் பெண்ணை விலைபேசிய பெரிய மனிதர்களையும் தோலுரித்துக் காட்டும் படம் அது. அதிலே சிறு வேடமொன்று, இளவரசி வேடம். ஏற்றவர் யார்? பஹீஜா ஹாபிஸ்! அரண்மனையின் பொருட்டுப் படத்தை இழந்தவர், அந்த அரண்மனைக் காலத்தின் அழுகலைக் காட்டும் படத்திலே அரண்மனைப் பெண்ணாக வந்து நின்றார். வஞ்சினம் கூறவில்லை, வசைமாரி பொழியவில்லை. திரையிலே தோன்றினார், அதுவே போதுமானதாயிற்று.

1983ஆம் ஆண்டு டிசம்பரில் கெய்ரோவிலே அவர் காலமானார். தனியே வாழ்ந்தவர், நோயுற்றிருந்தவர். இறந்து இரண்டு நாள் சென்றபின்னரே செய்தி வெளியே தெரிந்ததென்று எழுதியுள்ளனர். என்னே உலகம்! உயிரோடிருந்தபோது ஊர்கூட்டி இழவு கொண்டாடினர்; உண்மையிலேயே உயிர் பிரிந்தபோது அறிவாரில்லை!

கெய்ரோவிலே அல் ரிபாயி பள்ளிவாசல் என்று ஒன்றுண்டு. அரச குடும்பத்தாரின் கல்லறைகள் அங்கே உள்ளன. ரோம் நகரிலே நாடிழந்து மாண்ட பாரூக்கின் உடல் பின்னர் அங்கு வந்து சேர்ந்தது. 1939இல் கெய்ரோவுக்கு மணமகனாக வந்த முகம்மது ரேசா, ஷாவாகி, 1979இல் மக்கள் எழுச்சியால் விரட்டப்பட்டு, 1980இல் அதே கெய்ரோவிலே மாண்டு, அதே பள்ளிவாசலிலே அடங்கினான். பெண் கொடுத்த வேந்தனும் பெண் எடுத்த வேந்தனும் இன்று ஒரே கூரையின்கீழ்! எந்த அரியணைகளின் மதிப்பைக் காக்க ஒரு பெண்ணின் படைப்பை மூடிவைத்தனரோ, அந்த அரியணைகள் இரண்டும் அவர் கண் முன்னாலேயே சரிந்தன. இருவரின் இறப்பையும் கண்டபின்னரே அவர் கண் மூடினார்.

குடும்ப மானம் என்றனர், மகளை இழந்தனர். அரச மானம் என்றனர், அரசையே இழந்தனர். பிறர் மானத்தின் சுமையைப் பெண்ணின் தோளிலே ஏற்றிவைக்கும் வழக்கம் எகிப்துக்கு மட்டும் உரியதன்று; எந்த நாட்டிலும் வீட்டுக்கூரை உயரத்துக்கு ஏற்ப அதன் பெயர் மாறும்: குடும்ப கௌரவம், குலப்பெருமை, நாட்டுநலன். பெயர் எதுவாயினும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: அவளைக் கேட்டீர்களா?

பஹீஜா ஹாபிஸ் தம் வாழ்நாளெல்லாம் எழுப்பியது அந்தக் கேள்வியைத்தான். பியானோவிலே எழுப்பினார், வெண்திரையிலே எழுப்பினார், பொருளிழந்தும் எழுப்பினார். பதில் கூறவேண்டியோர் கல்லறையிலே உறங்குகின்றனர். கேள்வி மட்டும் உறங்கவில்லை.